விளக்குப் பிடிக்க வந்தவன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு எப்போதுமே பிந்தித்தான் நடக்கும். சர்ச் முடிந்து வந்து என் மனைவி ஹெப்சிபா கறிக்குழம்பு வைப்பதற்குள் மற்றவர்களுக்குப் பசி வந்துவிடும். அந்த நேரத்தைப் போக்கத்தான் விளையாட்டே ஆரம்பித்தது. அதில் யாருக்கும் கெட்ட நோக்கம் கிடையாது சார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெபின் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவன் என் மனைவியின் தம்பி, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். பொய் சொல்ல வராது. ஒரே ஒரு இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அதைத் திருத்தத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

2006 ஆரம்பத்தில் லீவுக்கு வந்தபோது, ஹாஸ்டலில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்தான். அதில் உள்ளபடி ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இந்தக் கதவைத் திறக்கிறேன், நான் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஜெபின் கதை நடத்தினான். நான் படைத்தலைவன். ஹெப்சிபா வைத்தியச்சி. புதையல் தேடிக் குகை குகையாகப் போவோம்.

படைத்தலைவன் கூடவே ஆட்களை அழைத்துப் போகலாம். சுமை தூக்க ஒருவன், விளக்குப் பிடிக்க ஒருவன். இருட்டுக்குள் முதலில் போவது விளக்குப் பிடிக்கிறவன்தான், அதனால் முதலில் சாவதும் அவன்தான். நான் ஆள் ஆளாக அனுப்பிக்கொண்டே இருப்பேன். ஹெப்சிபாவுக்குத்தான் மனசு கேட்காது. "இவன் வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நாங்கள் சிரிப்போம்.

கூட வருகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. நல்ல சோறு போடு, நோய் வந்தால் பார், கிடைத்ததில் பங்கு கொடு, அவனுடைய விசுவாசம் கூடிக்கொண்டே போகும் என்று எழுதியிருந்தது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வருஷக்கணக்காகச் செய்துவந்ததை யாரோ புத்தகமாகப் போட்டிருந்தார்கள்.

சங்கிலிமுத்துவை மல்லாங்கிணறிலிருந்து அழைத்து வந்தது நான்தான். மழை பொய்த்து, காட்டில் ஒன்றும் விளையாமல் உட்கார்ந்திருந்தான். நாரணாபுரம் பக்கத்தில் நான் போர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். செல்லத்தாயைப் பெண் பேசி முடித்துவைத்ததும் நான்தான். குழந்தை பிறந்தபோது ஹெப்சிபா கவுன் தைத்துக் கொண்டுபோனாள். ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இதெல்லாம் நடிப்பு இல்லை சார். அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஒவ்வொன்றும் செய்தபின், இனி இவன் எனக்கு இன்னும் கொஞ்சம் சொந்தம் என்று மனசுக்குள் ஒரு நிறைவு வரும். அவ்வளவுதான்.

தீபாவளி சீசன் சமயத்தில் ஜெபின் மறுபடி ஊருக்கு வந்தான். விளக்குப் பிடிக்கிறவன் பயந்து நிற்பானா, போவானா என்பதற்கும் பகடை போட வேண்டும் என்றான். எனக்கு ஒப்பவில்லை. நன்றாக வைத்துக்கொண்டால் எதற்குப் பகடை, தலைவன் சொன்னால் போக வேண்டியதுதானே என்றேன். "அத்தான், அவன் ஒங்க கையில இருக்க விளக்கு இல்ல, அவனும் ஒரு ஆளுதான்" என்றான். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவனே வழி சொன்னான். பகடையும் வேண்டாம், தலைவனும் வேண்டாம், விளக்குப் பிடிக்கிறவனாக சங்கிலி அண்ணன் ஆடட்டும்.

வாசல் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் கூச்சத்தோடு உள்ளே வந்தான். குகைக்குள் ஏதோ உறுமுகிறது என்றான் ஜெபின். முன்னால் போ என்றேன் நான்.

சங்கிலிமுத்து கொஞ்சம் யோசித்தான். "நான் வரல அண்ணாச்சி" என்றான். "ஒங்க கையிலதான் வாள் இருக்கு. நீங்க முன்னால போங்க, நான் பின்னாடி நின்னு வெளிச்சம் காட்டுதேன்."

ஹெப்சிபா கைதட்டினாள். "அப்படிச் சொல்லுங்க. இம்புட்டு நாளா செத்தவனெல்லாம் சேந்து சொன்ன மாதிரி இருக்கு" என்றாள். ஜெபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சங்கிலியும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னிடம் அவன் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் எனக்கு மருந்து ஞாபகம் வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் இடி மின்னல். மின்னல் கண்டால் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது பட்டாசுக் கம்பெனியில் சட்டம். வெளியேறினோம். கலவை ரூமில் கலந்த மருந்து தட்டோடு இருந்தது. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். ஈரம் பட்டுக் கிடந்தால் அலுமினியப் பவுடர் தானாகச் சூடாகும். மழை விட்டதும் நான் திரும்பிப் போய் அழித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். ஞாயிறு மதியம் ஞாபகம் வந்த பிறகு மறக்கவில்லை. கையில் பகடையோடு உட்கார்ந்திருந்தேன். சங்கிலிக்கு இரண்டாவது தடவை கறி வைக்கச் சொன்னேன்.

அதைத் திட்டம் என்று சொல்லமாட்டேன். எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திங்கள் காலை கம்பெனியைப் பார்க்க வருகிறாயா என்று ஜெபினைக் கேட்டு, வண்டியில் கூட்டிப்போனேன். சங்கிலி எங்களுக்கு முன்பே வந்து, கலவை ரூமிலிருந்து எட்டத்தில் நின்றிருந்தான். மற்ற ஆட்களைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தான்.

"ரூம் பக்கம் மூத்திர நாத்தம் அடிக்கி அண்ணாச்சி" என்றான். "மருந்து சூடேறிட்டு."

அந்த வாடை எதற்கு அறிகுறி என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். யாரையும் அண்டவிடாமல் தள்ளி வைத்து, தூரத்திலிருந்து குழாயில் தண்ணீர் அடிக்க வேண்டும். அவன் குழாயைக்கூட இழுத்து வைத்துவிட்டான். என் கையில் எடுத்தும் கொடுத்தான்.

நான் அதைக் கீழே வைத்தேன். மருந்து வேண்டும், லோடு காத்துக்கிடக்கிறது, உள்ளே போய்த் தட்டை எடுத்து வா என்றேன். லோடு எதுவும் காத்திருக்கவில்லை. அந்த மருந்து எதற்கும் உதவாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெபின் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அத்தான், என்ன செய்யுதீங்க? தண்ணிய அடிங்க" என்றான். நான் சங்கிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் ரூமைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சத்தமில்லாமல் கேட்டான்: "நீங்க அப்படிச் சொல்லவே இல்லன்னு நான் நெனச்சுக்கிடட்டுமா அண்ணாச்சி?"

எனக்கு அவன் வழி விட்டான் என்று ஜெபின் சொல்கிறான். இருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் நான் திரும்பியிருந்தால் போதும், அவனும் திரும்பியிருப்பான்.

"சொல்லிட்டேன்ல சங்கிலி" என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றினான். மருந்து ரூமுக்குள் செருப்புப் போட்டுப் போகக்கூடாது. அந்த நேரத்திலும் முறை தவறவில்லை. ஜெபின் அவன் பின்னால் ஓடப் பார்த்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்து மண் கரைக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஜெபினுக்கு ஒரு கீறல்கூட இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். வெடிச் சத்தம் அடங்கிய பிறகு அவன் காதுக்குப் பக்கத்தில், "பாத்தியா, போனான்ல" என்று சொன்னேன். அப்படிச் சொன்னேன் என்று அவன் சொல்லியிருப்பான். உண்மைதான்.

செல்லத்தாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பெட்டி வாங்கியதிலிருந்து குழி வரைக்கும் எல்லாம் நான் நின்று பார்த்தேன். அவள் என் காலில் விழுந்து அழுதாள்.

இனி அந்தத் திருத்தம். வேறு போக்கிடம் இல்லாமல், பயந்துபோய்த்தான் சங்கிலி உள்ளே போனான் என்று ஜெபின் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது தவறு. பயந்தவன் வாசலில் நின்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான். இவன் என் முகத்தைத் திரும்பியே பார்க்கவில்லை சார். அவ்வளவு பிரியம் என் மேல்.