ஒரு நாள் சித்தி

— இன்னொரு தடவை சொல்லு பாப்பா. நான் உனக்கு யாரு?

— அம்மா.

— இல்லடி தங்கம். இந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டிட்டா நான் சித்தி.

— அப்ப அம்மா யாரு?

— அம்மா ஊர்ல இருக்காங்க. யார் கேட்டாலும் அதையே சொல்லணும்.

— ஏன்?

— வேலைக்குச் சேரும்போது எனக்குக் குழந்தை இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். இருக்குன்னா எடுக்க மாட்டாங்க.

— நான் இருக்கேனே.

— இருக்க. உனக்குச் சோறு போடத்தான் நீ இல்லன்னு எழுதினேன்.

— இன்னிக்கு என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டலியா?

— இன்னிக்கு இல்ல. இங்க ஒரு ரூம் இருக்கு, பொம்மையெல்லாம் இருக்கு. சமத்தா இருந்தேன்னா தினமும் கூட்டிட்டு வரட்டுமான்னு சூப்பர்வைசர் அக்காகிட்ட கேப்பேன். அதோ வராங்க பாரு. சொல்லு, நான் யாரு?

— சித்தி.

— என்ன பட்டன், இதான் உங்க அக்கா பொண்ணா?

— ஆமாக்கா.

— உன்னை உரிச்சு வச்ச மாதிரி இருக்கா.

— எங்க வீட்ல எல்லாருக்கும் இதே மூக்குதான்க்கா.

— சித்தி, உன்ன ஏன் பட்டன்ங்கறாங்க?

— சட்டைக்குப் பட்டன் தைக்கறேன்ல, அதான்.

— நல்லாப் பேசுது. என் தலை தப்பிச்சுது பட்டன். அம்பது பேருக்கு மேல வேலை செஞ்சா பிள்ளைங்களுக்கு ரூம் வேணும்னு சட்டம் வந்துச்சா, முதலாளி ரூம் கட்டினாரு. கட்டின கையோட பிள்ளை இருக்கறவங்களை எடுக்காதேன்னும் சொல்லிட்டாரு. இப்ப ரூமைச் செக் பண்ண ஆபீசர் வராரு, உள்ள ஈ காக்கா இல்ல, அதான் ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். மரக்குதிரைக்குச் சுத்தின பிளாஸ்டிக்கைக் காலைலதான் பிரிச்சேன், புரியுதா? வா கண்ணு, குதிரை மேல ஏறிக்கோ.

— அக்கா, இவ தினமும் இங்க இருக்கலாமாக்கா?

— மொதல்ல இன்னிக்குப் பொழுது போகட்டும். நீ போய்த் தையி.

*

— கூப்பிட்டீங்களாக்கா?

— உள்ள வா. கதவைச் சாத்து. உங்க அக்கா பொண்ணு மானத்தை வாங்கிட்டா.

— என்னக்கா பண்ணா?

— ஆபீசர் ரெஜிஸ்டரை எடுத்துட்டு, தாயார் பேர் எங்கன்னாரு. வேற வழி தெரியல, உன் பேரை எழுதிட்டேன். அவரு ஜன்னல் வழியா உன்னைக் காட்டி, அதான் உங்க அம்மாவான்னு கேக்கறாரு. இவ, இல்ல, அது சித்தி, அம்மா ஊர்ல இருக்காங்கன்னு கணீர்னு சொல்றா.

— ஐயோ.

— வாடகைக்குப் பிள்ளை புடிச்சீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

— அக்கா, அவ என் பொண்ணுதான்க்கா.

— இனிமே எதுக்கு அந்தப் பொய்? அவரு எழுதிட்டாரு.

— அதில்லக்கா. நிஜமாவே நான் பெத்த பொண்ணு. பாத்துக்க ஆள் இல்ல. இவ்வளவு நாளும் வீட்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். நீங்க எழுதினதுதான்க்கா உண்மை.

— இதை ஏன்டி எங்கிட்ட சொன்ன? உன் பொண்ணுன்னா, பொய் சொல்லிச் சேர்ந்தேன்னு நானே உன்னை நிறுத்தணும். இல்லன்னா, ஆபீசர்கிட்ட மாட்டி விட்டன்னு முதலாளி உன்னை நிறுத்துவாரு. ரெண்டுல எதை எழுதட்டும்?

— எதை எழுதினா இவளை இங்க விடலாம்?

— முதலாளி அந்த ரூமையே மூடச் சொல்லிட்டாரு. என்னால ஒண்ணும் ஆகாது பட்டன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துட்டுக் கிளம்பு.

— சரிக்கா. பாப்பா, குதிரையை விட்டு இறங்கு, வீட்டுக்குப் போலாம்.

— இன்னும் கொஞ்ச நேரம், சித்தி.

— போதும்டி. இனிமே அம்மான்னே கூப்பிடலாம்.

— வேணாம், நீ சித்தியாவே இரு. அம்மான்னா பூட்டிட்டுப் போயிடுவாங்க.