மாமனாரின் இடுப்பு

தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தால்தான் ஒரு வீட்டு ஃபேனில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று தெரிகிறது. மாமனாருக்குத் துணையாக நானும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்த பிறகு, எங்கள் ஃபேனை நானே ஏறித் துடைத்தேன். நான் சோம்பேறியும் இல்லை, அக்கறை இல்லாதவனும் இல்லை என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். "வீட்ல என்ன பயிற்சி பண்றீங்களோ, அப்படியே பண்ணிக் காட்டுங்க" என்றீர்கள். மாமனார் எழுந்து நின்று, முழங்கால் மடங்காமல் குனிந்து, கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் பெருமையாக உங்களைப் பார்த்தார். உங்கள் முகம் போன போக்கை நானும் பார்த்தேன். ஒரு பிசியோதெரபிஸ்ட் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, மருமகனை மட்டும் உட்காரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று புரியாதவன் இல்லை நான். சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி அப்பாவை எதிர்த்துக்கொண்டு என்னைக் கட்டியவள். "இது ஒரு வருஷம்கூடத் தாங்காது" என்று மாமனார் அன்றைக்கே சொல்லிவிட்டார். தாங்கியது. எப்படித் தாங்கியது என்பது வேறு விஷயம். அவளுக்குத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை. பகல் முழுக்க ஊரார் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்புறம் அவளுடைய முறை. கட்டில்மேல் போட்ட ஈரத் துண்டு, மூடாத பற்பசை, நான் மெல்லும் சத்தம், நான் மெல்லாமல் விழுங்கும் சத்தம். என்னைக் கூப்பிட அவளுக்குப் பெயரும் தேவைப்படவில்லை, உறவும் தேவைப்படவில்லை. "இங்க பாரு" என்றால் நான்தான்.

ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று மாமனார் வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஏங்க, அப்பா வந்துட்டாங்க பாருங்க." யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

அப்பா முன்னால் அவள் தோற்றுக் காட்ட முடியாதல்லவா. அதனால் உலகத்திலேயே சந்தோஷமான மனைவியாக இருந்தாள். என் ஜோக்குக்குச் சிரித்தாள். ஏற்கெனவே சொன்ன ஜோக்குக்கும் சிரித்தாள். நான் கேட்காமலே தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். நடிப்பு என்று எனக்குத் தெரியும். நடிப்பாக இருந்தால் என்ன, வயிறு நிறைந்தது. ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில் வாளியைத் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் உட்கார முடியாது, ஊருக்குப் போக முடியாது என்று ஆனதும் அவரை உங்களிடம் அழைத்து வந்ததே நான்தான்.

நீங்கள் கெட்டிக்காரர். பிரச்சினையே அதுதான். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்கும் பயிற்சியைக் கொடுத்தீர்கள். கொஞ்ச நாளிலேயே அவர் நிமிர்ந்து நடந்தார். சாப்பிடும்போது, "டிக்கெட் போட்டுடலாமா மாப்ளே?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஈரத் துண்டு இருந்தது.

நீங்கள் கொடுத்த படத்தாளுக்கு இரண்டு பக்கம். முன்பக்கம் செய்ய வேண்டியவை. பின்பக்கம், குனிந்து கால்விரலைத் தொடுவது மாதிரி, செய்யவே கூடாதவை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு சிவப்புக் குறி. நான் பின்பக்கம் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டினேன். "முன்னேறிட்டீங்க மாமா, இனிமே இதான் பாடம்" என்றேன்.

அந்தக் குறி அவர் கண்ணில் படாதா என்று கேட்பீர்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். திருகு ஆடுகிறது என்று சொல்லி அவர் கண்ணாடியைக் கடைக்கு எடுத்துப் போனேன். அது இன்னும் கடையில்தான் இருக்கிறது. தற்காலிகமாக வேறொன்று கொடுத்தேன். டிவி பார்க்கலாம், ஆள் முகம் பார்க்கலாம். பவர் கொஞ்சம் தள்ளிப்போனால் யாரும் கடைக்காரனைச் சந்தேகப்படுவதில்லை, வயதாகிவிட்டது என்று தங்களைத்தான் நொந்துகொள்வார்கள்.

அவர் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் கிறுக்கியதை ஏன் எதற்கு என்று கேட்காமல் கலந்து கொடுத்தே பழகியவர். "வலிக்குது மாப்ளே" என்பார். "வேலை செய்யுது மாமா" என்பேன். "அதான் நானும் நெனச்சேன்" என்று இன்னொரு முறை குனிவார். உட்கார்ந்தால் உள்ளே அமுங்கிப் போகிற மாதிரி ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன், சொந்தச் செலவில். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். மாமனாரே மகளைக் கூப்பிட்டு, "நான்தான்மா தப்பா எடை போட்டுட்டேன். தங்கமான மனுஷன்" என்றார். அதைக் கேட்டு என் கண் கலங்கியது பொய் இல்லை.

நடுவில் சரக்கு எடுக்க நான் வெளியூர் போக வேண்டியிருந்தது. தனியாகக் குனிய அவருக்குச் சலிப்பாக இருந்ததாம். நான் இல்லாத நாட்களில் பயிற்சியே செய்யவில்லை. அதனால் குணமாகிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. ஊரில் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகள் அவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்கப் போகிறார்களாம், அந்தக் கவலை அவருக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கைத்தசைக்காக வாங்கிய இரண்டு இரும்பு டம்பெல் வீட்டில் இருந்தது. அதை அவர் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். கிளம்பும்போது, "தூக்கிப் பாருங்க மாமா, எவ்வளவு தேறியிருக்கீங்கன்னு தெரிஞ்சிடும்" என்றேன். தூக்கினார். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

"ஏங்க, அப்பாவப் பிடிங்க" என்றாள் மனைவி. அந்த நேரத்திலும் அந்த 'ஏங்க' என் காதில் எவ்வளவு இதமாக விழுந்தது தெரியுமா.

அவரைப் படுக்க வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தவள் அவள்தான். சட்டைகளை எடுத்தாள். ஒரு டம்பெல்லை எடுத்தாள். அப்புறம் இன்னொன்றை. நான் வாசற்படியில் நின்றேன். இத்தனை வருடப் புகாரும் ஒன்றாக வரப்போகிறது என்று தயாராக இருந்தேன். அவள் இரண்டையும் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் உள்ளே தள்ளி வைத்தாள். "இதையெல்லாம் கண்ணுல படுற மாதிரியா வைப்பாங்க?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இடுப்பு கொஞ்சம் அசையத் தொடங்கியதும், "அப்பா, இன்னைக்குக் குனியலையா?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நேற்று அவர் இடது காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். உடனே சமையலறையில் அவளிடம் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டாள். "காலுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். "அந்தம்மாகிட்ட மனசு விட்டுப் பேசிப் பாருங்க. நல்லவங்களாத்தான் தெரியுறாங்க." நீங்கள் கேட்டவுடன் ஒளிக்காமல் சொன்னது அதனால்தான்.

படத்தாளை இன்றே திருப்பி ஒட்டிவிடுகிறேன். கண்ணாடியையும் கொடுத்துவிடுகிறேன். அவர் நிமிர்ந்து நிற்கட்டும், நடக்கட்டும், காலில் உணர்ச்சி முழுசாக வரட்டும். பெரியவரை வலியில் வைத்துப் பார்க்க நாங்கள் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் இல்லை. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவர் ஊருக்கு பஸ்ஸில் ஆறு மணி நேரம். நாலு மணி நேரம் உட்காருகிற அளவுக்குக் குணப்படுத்தினால் போதும்.