கூப்பிடுதுறை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கடலு இப்ப இருக்குற இடத்துக்கு ரொம்ப அப்பால கிடந்த காலம். அப்ப நாகப்பட்டணத்துக்குத் தெக்கால ஆலிக்குப்பம்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல பவளாயின்னு ஒருத்தி இருந்தா. எங்க பாட்டனுக்குப் பாட்டனோட கூடப்பொறந்தவள்னு சொல்லுவாங்க. மீனு விக்கிறவ. குரல் மட்டும் பெரிசு. இவ கூவுனா அடுத்த குப்பத்துல நாயி எந்திரிச்சு நிக்குமாம்.

அவளுக்கு அஞ்சாப்புலின்னு ஒரு தம்பி. ஆத்தா இல்லாத புள்ள, இவதான் வளத்தா. அந்தச் சமயம் வெள்ளைக்காரன் எங்கியோ கடலுக்கு அந்தாண்ட பெரிய சண்டை போட்டான். ஊருக்கு ஊரு ஆளு எடுத்தான். ஆலிக்குப்பத்துலேருந்து மூணு பேரு போனாங்க. அஞ்சாப்புலி போனான், சிங்காரு போனான், வைத்தி போனான். மூணு பேரும் ஒண்ணா நீச்சல் பழகுனவங்க. போனாங்க, போனாங்க, வருசக்கணக்கா சேதியில்ல. திரும்பி வந்தது ரெண்டு பேரு. வைத்தி வரல.

சிங்காரு வந்தான், சிரிச்சான், கப்பலைப் பத்திக் கதை கதையா அளந்தான். ஊரே அவனைச் சுத்தி உக்காந்துச்சு. அஞ்சாப்புலி வந்தான், வாயே தொறக்கல. வீட்டுப் பின்னால மணலைத் தோண்டுனான். கையால தோண்டுனான். நகம் பேந்து ரத்தம் வந்தாலும் தோண்டுனான். தோண்டுன குழிக்குள்ளயே காதை வச்சிப் படுத்துக்குவானாம்.

மாசி மாசம் அம்மனுக்குத் திருவிழா வந்துச்சு. வேட்டுப் போட்டாங்க. டமார்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அஞ்சாப்புலி பக்கத்துல நின்ன ஆளைக் கீழ தள்ளி, மேல ஏறி, கழுத்தை நெரிச்சுட்டான். அந்த ஆளு யாரு? பவளாயி புருசன் கோதண்டம். நாலு பேரு சேந்து பிரிக்கிறதுக்குள்ள பாதி உசுரு போயிடுச்சு.

ஊரு நாட்டாரு வந்தாரு. “பேய் புடிச்சிருக்கு. சங்கிலி போடுங்கடா”ன்னாரு. பூவரச மரத்துல கட்டுனாங்க. பூசாரி வேப்பங்கொத்தால அடிச்சான். போகலன்னு பிரம்பால அடிச்சான். அஞ்சாப்புலி அழல. அடிக்கிற கையைப் பாக்கவும் இல்ல. தரையையே பாத்துக்கிட்டு இருந்தானாம்.

பவளாயி கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனா. “ஏண்டா தம்பி, உனக்கு என்னதான்டா பண்ணுது?”ன்னு கேட்டா.

வந்து இறங்குன நாளா பேசாதவன் அப்பத்தான் பேசுனான். “தரை ஆடுதுக்கா. தண்ணி ஆடுனா சரி, அது தண்ணி. தரை ஆடுனா எங்கக்கா நிப்பேன்?”

அவ நேரா வீட்டுக்குப் போனா, கோடாலியை எடுத்தா, பட்டப்பகல்ல ஊரு பாக்கச் சங்கிலியை வெட்டுனா. தம்பி கையைப் புடிச்சா, கடலுக்கு நடந்தா.

அந்தக் காலத்துல பொம்பள கட்டுமரத்தைத் தொடக்கூடாது. தொட்டா கடலு கோவிச்சுக்கும்பாங்க. நாட்டாரு ஓடியாந்தாரு. “பவளாயி, மரத்துல கால் வச்ச, இந்த ஊர்ல உனக்குத் தண்ணி கிடையாது, நெருப்பு கிடையாது!”

“இந்த ஊர்ல என் தம்பிக்குத் தரையே கிடையாது. தண்ணி எதுக்கு எனக்கு?”ன்னாளாம்.

மரத்தைத் தள்ள ஆளு வேணுமே. யாரும் அசையல. அப்ப கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒருத்தன் வந்தான். கோதண்டம். கழுத்துல விரல் தடம் இன்னும் கன்னிப்போயிக் கிடக்கு, பேச்சு வரல. வந்து மரத்துக்குத் தோள் குடுத்தான். தள்ளுனான். போச்சு மரம்.

அலையைத் தாண்டுனதும் அஞ்சாப்புலி படுத்தான். தூங்குனான். சண்டைக்குப் போனதுலேருந்து அப்படித் தூங்கலியாம். பவளாயி துடுப்பை வச்சிக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தா. தினமும் போனா. அவன் தூங்குவான், இவ காவலு. எதையும் கேக்கமாட்டா. ஒரு நாளு அவனா எந்திரிச்சுத் துடுப்பை வாங்குனான். துடுப்புப் போட்டுக்கிட்டே சொன்னான்.

“வைத்தி சாகலக்கா. குண்டு விழுந்து மண்ணு மூடிக்கிச்சு. உள்ளேருந்து கூப்பிட்டான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். நானும் சிங்காரும் தோண்டுனோம். விட்டுட்டு வாங்கடான்னு துரை துப்பாக்கியை நீட்டுனான். வந்துட்டோம். அவன் இன்னும் கூப்பிடுறான். தண்ணிமேல மட்டும் கேக்கல.”

பவளாயி அவன் முதுகைத் தடவுனா. அழட்டும்னு விட்டா.

இப்படி இருக்கையில ஒரு நாளு கரையில சிங்காரு வந்து நின்னான். அதே சிரிப்பு. “அக்கா, நாளைக்கு என்னையும் ஏத்திக்கிறியா?”ன்னான்.

பவளாயிக்கு வேடிக்கையாப் போச்சு. “உனக்கு என்னடா கேடு? ஊரையே சிரிக்க வைக்கிறவன் நீ. மரத்துல ரெண்டு பேருக்குத்தான் இடம், போடா”ன்னு தள்ளிவிட்டா.

அவனும் சிரிச்சுக்கிட்டே போனான்.

மறுநாளு சவுக்குத் தோப்புல அவனைப் பொணமா எடுத்தாங்க. தன் உசுரைத் தானே முடிச்சுக்கிட்டான்.

அஞ்சாப்புலி சொன்ன அந்தக் குழியில இவனும்தானே தோண்டுனான்? அது அப்பத்தான் அவ நெஞ்சுல இடிச்சுச்சு. பவளாயி மாரடிச்சு அழலியாம். பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து, “கேட்டானே, வாயைத் தொறந்து கேட்டானே”ன்னு அதையே சொன்னா. பொழுது சாயிற வரைக்கும் அதையே சொன்னா.

அப்புறம் நாட்டாரு வீட்டு வாசல்ல போய் நின்னா. அவரும் தோப்புலேருந்துதான் வந்திருந்தாரு. ஏறிட்டுப் பாக்க முடியல அவரால.

“எனக்குப் பெரிய மரம் வேணும்”னா.

குடுத்தாரு. ஊரே சேந்து கட்டிக் குடுத்துச்சு. அன்னையிலேருந்து விடியக் கருக்கல்ல துறையில நின்னு, அந்தப் பெரிய குரலால கூவுவாளாம்: “வர்றவங்க உண்டா? இடம் இருக்கு!” அந்தச் சேதி கரையோரமாவே பரவுச்சு. சண்டைக்குப் போய் வந்தவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. கால் இல்லாதவன் வந்தான், கண்ணு மூடாதவன் வந்தான். அஞ்சாப்புலி துடுப்புப் போடுவான், அவ காவலு. எல்லாரும் தேறுனாங்கன்னு சொல்லமாட்டேன். நடுக்கடல்ல குதிச்சவனும் உண்டு. புடிச்சுத் தூக்குனவனும் உண்டு, புடிபடாதவனும் உண்டு. அஞ்சாப்புலி சாகுற மட்டும் வீட்டுக்குள்ள படுக்கல. கட்டுமரத்துமேலதான் தூக்கம், அதுமேலதான் சாவு. தோண்டுறதை மட்டும் விட்டுட்டான்.

பவளாயி போனப்புறமும் அந்தக் கூவல் நிக்கல. அதனாலதான் அந்த இடத்துக்குக் கூப்பிடுதுறைன்னு பேரு. ஆலிக்குப்பத்துத் திருவிழாவுல வேட்டுப் போடறதில்ல. எந்தப் படகு கிளம்புனாலும் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் கிளம்பும். கிளம்புறதுக்கு முந்தி ஒருத்தன் கரையைப் பாத்துக் கூவுவான், “வர்றவங்க உண்டா?” கூவிட்டு நிப்பாங்க. முக்காவாசி நாளு யாரும் வரமாட்டாங்க.

போன மாசியில ஒருத்தர் வந்தாரு. மிலிட்டரி ஆளுன்னு நடையிலயே தெரிஞ்சுது. நல்லாச் சிரிச்ச முகம். எந்த ஊரு, என்ன குறைன்னு யாரும் கேக்கல. நகந்து உக்காந்தாங்க.