பெயரின் மேல் ஒட்டிய தாள்

மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவர் ஐயாதுரை அவர்களே, டாக்டர் கிருபாபாய் அவர்களே, சோழபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கும் பருத்தி விதைக்கும் சம்சாரி தவசிமுத்து அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்திருக்கும் ஐயா வீட்டு அம்மா சந்தனம் அவர்களே, ராஜபாளையம் மில்காரர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் பெத்தம்மாளின் வணக்கம். மேடையில் ஒருவரை விட்டுவிட்டேன். மறதியில் விடவில்லை. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருப்பது நம்மை விட்டுப் போன ஐயாவுக்கு, டாக்டர் ஆவுடையப்பனுக்கு! நம் பருத்தி ஆராய்ச்சிக் கழகத்தின் துணை இயக்குநர். அங்கே கூட்டிப் பெருக்கிய எனக்கு அவர் யார்? "ஆச்சி, சாப்டீகளா?" என்று கேட்காமல் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காத பிள்ளை.

முன்பெல்லாம் பெரிய அதிகாரி எழுதினால் அது நேரே அச்சுக்குப் போகும். சரியா தப்பா என்று யார் கேட்பது? எண்பத்தேழில் அப்படி வந்த வெளியீட்டை நம்பி, அதில் சொன்ன மாதத்தில் விதைத்த தவசிமுத்து, புழு தின்ற செடிகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"இத எழுதுனவிய யாருங்க? மூஞ்சிய ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."

எழுதியவர் வேறொருவர். ஆனால் எழுந்து நின்றவர் நம் ஐயா! "என் மூஞ்சியப் பாருங்க அண்ணாச்சி. படிச்சுப் பாக்காம விட்ட பாவம் எங்க எல்லாத்துக்கும் உண்டு."

அதன் பிறகுதான் புது ஏற்பாடு கொண்டுவந்தார். யார் எழுதினாலும், இன்னொருவர் படித்துச் சரி என்ற பிறகே வெளியீடு. எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியக் கூடாது. பெயரின் மேல் தாள் ஒட்டும் வேலையை எனக்குத் தந்தார்.

"எம் பேரையும் மூடிருங்க ஆச்சி. பசைய உங்க வீட்டுக் கூழு மாதிரி தண்ணியாக் காய்ச்சிராதீங்க."

"என் கூழக் குடிச்சுட்டா பேசுதீக?"

தொண்ணூற்றிரண்டில் அவரே ஒரு கட்டுரை எழுதினார். எப்போது விதைத்தால் பருத்தியில் புழு விழாது என்று, தவசிமுத்துவின் காட்டிலேயே விதைத்துப் பார்த்து எழுதியது. படிக்கச் சொல்லி ஓர் அதிகாரியிடம் போனது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததை என் கண்ணால் கண்டேன். தாளுக்குள் பெயர் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அலமாரியில் வைத்துப் பூட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நாலு வருஷம்!

"பிடுங்கி அச்சுக்குக் குடுங்கய்யா" என்றேன்.

"நான் வச்ச ஏற்பாட்ட நானே மீறினா யாரு மதிப்பா ஆச்சி? அவரு படிச்சிருவாரு. செத்த பொறுங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என்னிடம் கேட்டார்: "படிச்சுட்டாராமா?" நான் என்ன சொல்வேன்! "படிச்சுக்கிட்டு இருக்காராம்யா" என்று நெற்றியைத் தடவிவிட்டேன்.

தலைவர் அவர்களே! அந்தக் கட்டுரையை வாங்கி வேறொருவரிடம் கொடுங்கள். ஐயா வகுத்தபடியே படிக்கட்டும். தப்பிருந்தால் திருத்தட்டும். சரியென்றால், நான் ஒட்டிய தாளை நானே நனைத்து, எழுத்து கிழியாமல் உரித்துத் தருகிறேன். சந்தனம் அம்மா, ஐயா பெயரோடு அது வெளிவரும் வரை உங்கள் பெத்தம்மாள் ஓய மாட்டாள். இது சத்தியம்.

ஐயாவின் படத்துக்கு இன்று முந்திக்கொண்டு மாலை போட்டவரின் சட்டைப் பையில்தான் அந்த அலமாரிச் சாவி இருக்கிறது. நான் வணங்காமல் விட்டவரும், என் கட்டை வேகும் வரை மன்னிக்காதவரும் அவர் ஒருவர்தான். அவர் பெயர் குருசாமி.