விற்பனைக்கு ஒரு இடியன்

ஓம் ஓம், துவக்கு இஞ்சைதான் கிடக்கு, எழும்பி ஓடாது. முதல் இருங்கோ தம்பி. அதிலை வேண்டாம், இந்தக் கதிரையிலை இருங்கோ. அறைக் கதவைச் சாத்தாதேங்கோ, திறந்தபடி கிடக்கட்டும்.

உள்ளை இருக்கிறது என்ர மனிசன், றெஜினோல்ட். வணக்கம் சொன்னீங்களோ? பதில் வராது, குறை நினைக்காதேங்கோ. தை மாசம் பாரிசவாதம் அடிச்சது. இப்ப கையும் காலும் திரும்பிட்டுது, தானே கோப்பை பிடிச்சுக் குடிக்கிறார். வாய்தான் திறக்கிறாரில்லை. கதைக்க ஏலும், கதைக்க வைக்கப் பாருங்கோ எண்டு டொக்டர்மார் சொல்லினம். சொல்லுறது சுகம்.

அதுதான் விளம்பரம் போட்டனான். துவக்கெண்டு சும்மா மரியாதைக்குச் சொல்லுறன். எங்கட மன்னார்ப் பக்கத்திலை உதுக்குப் பேர் இடியன். குழல் வாய்க்குள்ளாலை வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியாலை இடிக்கிறதாலை இடியன். இவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும். நோர்வேக்காரர் மாதிரி முன்லாதர் எண்டு சொல்லோணுமாம். களவாய்ப் பண்டி சுடுறவன்ர இடியனும் என்ர துவக்கும் ஒண்டோ எண்டு சண்டைக்கு வருவார். பேரை மாத்தினால் கழுதை குதிரையாகுமோ, நீங்களே சொல்லுங்கோ.

என்னத்தைச் சுட்டவரோ? நல்ல கேள்வி. பலகையை.

சிரிக்காதேங்கோ. எல்க் மான் வேட்டை இலை கொட்டுற காலத்திலைதானே. மற்ற மாசங்களிலை காட்டுக்குள்ளை ஒண்டிலையும் கை வைக்கேலாது. சும்மா இருக்கலாம்தானே? இவரின்ர கிளப்காரர் இருக்கமாட்டினம். ஒட்டுப்பலகையிலை ஒரு எல்க் வெட்டி, பெயின்ற் அடிச்சு, சில்லுப் பூட்டிக் கயித்திலை இழுக்கிறது. தூரே எண்டு ஒருத்தன், பென்சன் எடுத்த தபால்காரன், சுடுறவைக்குப் பின்னாலை நிண்டு எல்க் மாதிரிக் கத்துவான். எல்க்குக்குச் சன்னி வந்தால்தான் அப்பிடிக் கத்தும். பிறகு பலூன். பிறகு விளையாட்டுக் காட்ஸ், ராசான்ர மூஞ்சையிலை ஓட்டை விழுந்தால் எல்லாரும் கைதட்டு. தொப்பியிலை இறகு, இடுப்பிலை மருந்து போட்டு வைக்கிற மாட்டுக்கொம்பு, தோல் காற்சட்டை. இவரும் போட்டவர் தம்பி, அந்தக் காற்சட்டை. தொப்பை வண்டி முன்னுக்குப் போகும், காற்சட்டை பின்னாலை வரும்.

ஒரு வெடி வைச்சால் காடு முழுக்க வெள்ளைப் புகை. பட்டுதோ படேல்லையோ எண்டு புகை கலையுமட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிப்பினம். உயிருள்ள எல்க் எண்டால் அதுக்குள்ளை சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்திடும். கடைசியிலை லோறென்ஸ்கூக் கடையிலை வேண்டின சொசேஜை நெருப்பிலை வாட்டித் தின்னுறது. வேட்டை முடிஞ்சுதாம்! வேலை மினக்கெட்டவன் பூனையைப் பிடிச்சுச் சிரைச்சானாம்.

வீட்டை வந்தால் துவக்குக்குச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் குளிப்பாட்டு. பெத்த பிள்ளையளை இந்தாள் அப்பிடிக் குளிப்பாட்டினதில்லை. குளியலறை முழுக்கக் கூழ்முட்டை மணம். குண்டைச் சுத்துறதுக்கு என்ர புதுத் தலையணை உறையை வெட்டினவர். ஏனெண்டு கேட்டால், குண்டுக்குப் பருத்தித் துணிதான் சரியாம், பொலியெஸ்டர் ஒத்துவராதாம். பெண்சாதிக்குப் பொலியெஸ்டர் ஒத்துவருமாம்.

இல்லைத் தம்பி, நான் சத்தம் போட்டுக் கதைக்கிறதில்லை. என்ர குரலே உப்பிடித்தான்.

எனக்கு எரிச்சல். வேறை என்ன? சமைக்கேக்கை துவக்குப் புராணம், சாப்பிடேக்கை துவக்குப் புராணம், காது புளிச்சுப்போச்சு, ஒருக்கா வாயை மூடுங்கோ எண்டு நான்தான் ஏசுறனான். இப்ப இந்த வீட்டிலை பிறிட்ஜ் இரையிற சத்தம் மட்டும்தான் கேக்குது. கிழமைக்கு ஒருக்கா கதைக்கப் பழக்கிறதுக்கு ஒரு பெட்டை வந்து ஆப்பிள் படம், பூனைப் படம் காட்டிப்போட்டுப் போறாள். தங்கமான பிள்ளை. ஆனால் ஆப்பிளுக்கு ஆர் தம்பி வாய் திறப்பான்?

காட்டுறன், காட்டுறன். அலுமாரித் திறப்பு என்னட்டைத்தான் கிடக்கு. பழகவேணும் எண்டு சொன்னீங்கள்தானே, எப்பிடி அடைக்கிறதெண்டு சொல்லித்தாறன், கேளுங்கோ. முதல் குண்டைப் போடோணும். அடிமட்டும் போகக் கம்பியாலை நல்லாய் இடிக்கோணும். அதுக்கு மேலைதான் மருந்தைக் கொட்டுறது.

என்ன? இல்லையோ? மருந்துதான் முதலோ?

உஸ்... மெதுவாய்க் கதையுங்கோ. எனக்குத் தெரியாதோ தம்பி? பிளாஸ்கையும் பிடிச்சுக்கொண்டு எத்தினை வருசம் அந்த வெடி வைக்கிற இடத்து வாங்கிலை இவருக்குப் பக்கத்திலை இருந்தனான். மருந்து, துணி, குண்டு. நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன். குண்டு முதலெண்டு ஆரும் சொன்னால் இவர் சோத்துக் கையோடை எழும்பி வந்து திருத்துவார். ஒருக்கா கோயில் வாசலிலை பாதரையே மறிச்சு வைச்சுத் திருத்தினவர், எனக்கு வெக்கமாய்ப் போச்சு.

துவக்கு விக்கிறதுக்கில்லைத் தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஸ்ட்ரோம்மனிலையிருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கிறீங்கள். போன கிழமையும் ஒரு பெடியன் வந்தவன். நான் இதைத்தான் சொன்னனான், குண்டு முதலெண்டு. சொன்ன உடனை உள்ளை கதிரை அரக்கின சத்தம் கேட்டது. சத்தியமாய்க் கேட்டது. அதுக்குள்ளை அந்தப் பெடியன் முந்திக்கொண்டு தான் திருத்திப்போட்டான். உள்ளை திரும்ப ஒண்டுமில்லை.

நீங்கள் திருத்தாதேங்கோ. அவர் திருத்தட்டும்.

தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ. நான் இப்ப இன்னொருக்காப் பிழையாய்ச் சொல்லுவன். நீங்கள் ஓம் அக்கா, அதுதான் சரியெண்டு சொன்னால் போதும். கொஞ்சம் சத்தமாய்.