ஜன்னலோரம் எழுதிய கமெண்ட்

களிமண் பொம்மையின் கையை நகர்த்துவது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். பொறுமை இருந்தால் போதும். ஒரு விநாடி படத்துக்குப் பன்னிரண்டு போட்டோ. ஒவ்வொன்றுக்கும் பொம்மையை நூலளவு நகர்த்த வேண்டும். என் தங்கை கேமராவுக்குப் பின்னால் நிற்பாள், நான் நகர்த்துவேன். என் கை படத்துக்குள் வந்துவிட்டால் "அக்கா, விரல்" என்பாள். இழுத்துக்கொள்வேன். ஆறு வருடம், சாப்பாட்டு மேசையின் மேல், ஞாயிறு தவறாமல் இதுதான் எங்கள் வேலை.

கதை அவளுடையது, மறுக்கவில்லை. களிமண்ணைப் பிசைந்து பொம்மை பிடித்ததும் அவள்தான். முதல் வருடம் அவள் யூடியூப் சேனலை ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். பார்க்கச் சகிக்காமல் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் நான் ஒரு கணக்கு தொடங்கி, ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் இரண்டு வரி எழுதினேன். தபால்காரப் பொம்மை தலையைச் சொறிந்தது எவ்வளவு அழகு, இந்த மாதிரி. சொறிய வைத்ததே நான்தான். அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து எனக்கே படித்துக் காட்டுவாள். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும்.

பிறகு கூட்டம் வந்தது. போன மாதம் ஒரு பெரிய சேனலில் அவளைப் பேட்டி எடுத்தார்கள். அம்மாவும் நானும் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். உங்களுக்கு உதவி யார் என்று கேட்டார்கள்.

"எல்லாம் தனியாத்தான் பண்றேன். ஜன்னலோரம்னு ஒருத்தங்க இருக்காங்க, முகம்கூடத் தெரியாது. அவங்க இல்லன்னா என்னைக்கோ விட்டிருப்பேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று அந்தப் பூசணிக்காயே நான்தான். அம்மா என் பக்கம் திரும்பாமலே, நல்லாப் பேசுறா இல்ல, என்றாள். எனக்கு நானே சக்களத்தி ஆன கதையை யாரிடம் போய்ச் சொல்ல?

அதனால் அவள் கும்பிட்ட ஜன்னலோரத்தையே பேச விட்டேன். இந்த வாரம் பொம்மைகளுக்கு உயிர் இல்லை என்று ஒரு வரி. அவள் அந்தப் படத்தை இரண்டு முறை திரும்ப எடுத்தாள். நம்ப மாட்டீர்கள், இரண்டு முறையும் ஒரு குறை வைக்காமல்தான் நகர்த்திக் கொடுத்தேன். அடுத்து, பழைய படங்களும் இப்படித்தான், உங்கள் மனம் நோகக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லவில்லை என்று எழுதினேன். அவள் ஜன்னலோரத்திடம் மெயில் முகவரி கேட்டு வாங்கித் தனியே எழுத ஆரம்பித்தாள். எங்கே தப்பு, என்ன செய்யட்டும் என்று கெஞ்சினாள். உங்களுக்கு இது வராது, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். ஆறு வருட வேலையை ஒரே மத்தியானத்தில் அழித்தாள். அதில் என் உழைப்பும் இருந்தது. நஷ்டம் எனக்கும்தான்.

அன்று மூன்று மணிக்குக் கடைசி மெயில் வந்தது. இனி நான் எதுக்கு இருக்கணும், நீங்களே சொல்லுங்க என்று கேட்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'இருக்கத் தேவையில்லை' என்று இரண்டே சொல் அனுப்பிவிட்டு, மிச்சத் துணியையும் மடித்து அடுக்கினேன். ஐந்தரைக்கு அம்மா அவள் அறைக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. உடைத்து உள்ளே போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அனுப்பியது நான்தான், மேடம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். முகம் தெரியாத யாரிடமோ கேட்டதை என்னிடம் வந்து கேட்டிருந்தால், அப்படியெல்லாம் பேசாதேடி என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை.