பச்சைக் கோப்பில் ஒன்றும் இல்லை

அந்த நாற்காலி வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஆடுகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, நீங்கள் விழுந்த பிறகு அடடா என்று ஓடி வந்தால் நன்றாகவா இருக்கும்? ரெக்கார்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், என் குரல் மெல்லியது. தேநீரை ஆறவிடாதீர்கள்.

படகு மூழ்கியதை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். படகு விதியின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் குழுவில் யார் பார்த்தது என்பதுதான் உங்கள் கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் குழு வேலை செய்யும் விதம் தெரியாமல் அந்த வார்த்தையை மட்டும் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றும். மற்ற விவரங்களை அமைச்சகமே விதிகளாக வகுத்துக்கொள்ளலாம் என்று அதன் கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அமைச்சகம் அறுபது பக்கம் எழுதித் தள்ளும். லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், தீப்பெட்டியில் எத்தனை குச்சி, தண்ணீர்க் குழாய்க்கு எவ்வளவு விட்டம், எல்லாம் விதிதான். விதிகள் அவையில் வைக்கப்பட்ட முப்பது நாளுக்குள் எங்கள் குழு ஆட்சேபம் எழுப்பினால் நிற்கும். எழுப்பாவிட்டால் அப்படியே நடைமுறைக்கு வந்துவிடும். அவற்றைப் படிப்பதற்காக ஒன்பது உறுப்பினர்கள். அந்த ஒன்பது பேருக்காகவும் படிப்பதற்கு, குழுவின் அதிகாரியாக நான் ஒருவன்.

ஒன்பது பேரும் தங்கமான மனிதர்கள். ஆனால் குழாயின் விட்டத்தைப் படித்துக்கொண்டு விழித்திருக்கத் தங்கமான மனசு மட்டும் போதாது. ஒரு உறுப்பினர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவதில் கைதேர்ந்தவர். வாக்கெடுப்பில் கையும் தூக்குவார்.

அதனால் இரண்டு கோப்புகள் வைத்திருந்தேன். சந்தேகத்துக்கு இடமான விதிகள் வெள்ளைக் கோப்பில். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள், சிலசமயம் சண்டையும் போடுவார்கள். குறை எதுவும் இல்லாதவை பச்சைக் கோப்பில். தேநீர் வண்டியின் சக்கரம் நடையில் கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.

"பச்சையில ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்கய்யா."

அவ்வளவுதான். ஒன்பது தலையும் ஆடும், பச்சைக் கோப்பு மொத்தமாக நிறைவேறும், பிஸ்கட் வரும். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. அந்த 'இல்லைங்கய்யா' ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. தலைவர் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் என் மனைவிக்கும் அதே அபிப்பிராயம்தான். "கல்யாணப் பத்திரிகை வந்தா யாருக்குக் கல்யாணம்னு பாக்க மாட்டாரு, எங்க தப்புன்னுதான் பாப்பாரு" என்று தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அப்புறம் டீச்சர் வந்தார். தீவுத் தொகுதியின் புதிய உறுப்பினர். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர், அதனால் எல்லோருக்கும் டீச்சர். முதல் கூட்டத்திலேயே வெள்ளைக் கோப்பை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. என் குறிப்புரையில் ஒரு பிழை கண்டுபிடித்தார். அடுத்த கூட்டத்தில் இன்னொன்று. மூன்றாவது கூட்டத்தில் ஒன்றைக் காட்டியபோது தலைவர், "என்ன பூதக்கண்ணாடி, கண்ணாடிய மாத்தணும் போலிருக்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தூங்குகிறவர்கூட எழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்று தைத்தது சார். டீச்சர் மேல் பொறாமை எனக்கு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

டீச்சரிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "கோவமா இருக்கீங்களா சார்? பழக்கதோஷம், சிவப்பு மை இல்லாம எனக்குப் பொழுது போகாது" என்பார். ஒருநாள், "பச்சையை மட்டும் நான் படிக்கறதே இல்ல. நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்குப் போதும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

அந்த வாரம் பயணிகள் படகு விதிகளுக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. அதுவரை அரசு ஆய்வாளர் வருடத்துக்கு ஒருமுறை வந்து படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பார், ஆளுக்கொரு மிதவை உடை இருக்கிறதா என்று எண்ணுவார். இனி அது தேவையில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று படகின் சொந்தக்காரரே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பரீட்சை எழுதியவனே மார்க் போட்டுக்கொள்வது மாதிரி. இது நாற்பத்தொன்றாம் பக்கத்தில், கட்டண ரசீதின் நிறத்துக்கும் துறைமுகக் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. படித்ததுமே சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டேன். ஆட்சேபக் குறிப்பும் எழுதிவிட்டேன், மூன்று பத்தி, அருமையாக வந்திருந்தது.

பிறகு அந்தக் குறிப்பை இழுப்பறையில் வைத்துவிட்டு, விதியைப் பச்சைக் கோப்பில் போட்டேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு சின்ன வேடிக்கை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "மாண்புமிகு உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்" என்று ஆரம்பித்து, டீச்சரைப் பார்த்து, "உங்கள் ஊர்ப் படகுதான் டீச்சர்" என்று முடிக்க நினைத்திருந்தேன். அதன் பிறகும் கெடுவுக்கு ஆறு நாள் மிச்சம் இருக்கும், ஆட்சேபம் அனுப்பத் தாராளமாகப் போதும். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தேன். "யாருகூடங்க பேசறீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

சக்கரம் கிறீச்சிட்டது, தலைவர் கேட்டார், நான் 'இல்லைங்கய்யா' என்றேன். டீச்சரும் தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்திருக்கத்தான் போனேன். அதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார். குழுவின் ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். அறிக்கையில் ஓர் அதிகாரியைப் பற்றி எழுதும் வழக்கமே எங்கள் குழுவுக்குக் கிடையாது. கையில் வைத்திருந்த சீட்டைப் பார்த்துப் படித்தார்: 'இக்குழுவின் அதிகாரியின் பார்வைக்கு எதுவும் தப்புவதில்லை என்பதைக் குழு நன்றியுடன் பதிவு செய்கிறது.' மேசையைத் தட்டினார்கள். "இவரைக் கேலி பண்ணதுக்குப் பிராயச்சித்தம்" என்று டீச்சர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்களே சொல்லுங்கள், அதன் பிறகு எப்படி எழுந்திருப்பது? எழுந்தால் அந்த வரியை அடிக்க வேண்டும். வரியை எழுதியவருக்கும் சங்கடம். ஆறு நாள் இருந்தது, தலைவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், எண்ணும் மனப்பாடம்தான். முதல் மூன்று நாள் ரிசீவரை எடுத்து எடுத்து வைத்தேன். நான்காம் நாள் அறிக்கை அச்சகத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு ரிசீவரையும் தொடவில்லை.

ஆனால் எச்சரிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீச்சர் மத்தியானப் படகில் ஊருக்குப் போவார். ஒரு வெள்ளிக்கிழமை படிக்கட்டில் பார்த்தபோது நானாகவே சொன்னேன்.

"டீச்சர், பாலத்து வழியா பஸ்ல போகலாமே?"

"நாலு மணி நேரம் ஆகும் சார். படகுல ஒரு மணி நேரம், உங்க கோப்பையும் படிச்சு முடிச்சிடுவேன். ஏன், படகுல என்ன?"

"காத்து அதிகமா இருக்குமேன்னு."

"என்ன சார், எங்க வீட்டுக்காரரைவிட நீங்க ரொம்பப் பயப்படறீங்க" என்று கேலி செய்துவிட்டு இறங்கிப் போனார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்த எட்டு மாதமும், ஒருவேளை ஆய்வாளரே அநாவசியம்தானோ, அமைச்சகம் சொன்னதுதான் சரியோ என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை. அடிப்பலகை பிளந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. நாற்பத்து மூன்று பேருக்குப் பன்னிரண்டு மிதவை உடைகள். பத்தொன்பது பேர் போனார்கள். டீச்சர் தன்னுடையதை ஒரு பெண்ணின் குழந்தைக்குக் கட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர் அப்படித்தான் செய்திருப்பார்.

இரங்கல் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து அவருடைய பையிலிருந்த வெள்ளைக் கோப்பு என் மேசைக்கு வந்தது. அலுவலகச் சொத்து அல்லவா. தாள்கள் ஊறி, காய்ந்து, அப்பளமாய்ப் பொரிந்திருந்தன. பென்சில் எழுத்து மட்டும் அழியவில்லை. மூன்றாம் பக்கத்தில் நான் ஒரு பிரிவு எண்ணைத் தவறாகப் போட்டிருந்ததை வட்டமிட்டு, ஓரத்தில், 'பிடிச்சுட்டேன், பூதக்கண்ணாடி' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று. அவர் சொன்னது சரிதான். எண்ணைத் திருத்திவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தது நான். முதல் வாசிப்பிலேயே பார்த்தேன். ஆட்சேபக் குறிப்பு இன்னும் இழுப்பறையில் இருக்கிறது, தேதியோடு. எடுத்துத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையில் என்னைப் பற்றிய அந்த வரியை நீக்க வேண்டும் என்று உங்கள் வரைவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை சார். டீச்சர் கைப்பட எழுதிய வரி அது. பத்து தடவை படித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. என் பார்வைக்கு எதுவும் தப்புவதில்லை என்றுதானே எழுதியிருக்கிறார். தப்பவில்லையே.